ஸ்டாக் கார்: எந்த ஸ்டாக்?

அமெரிக்காவின் ‘ஸ்டாக் கார்’ பந்தயத்தைத் தமிழில் எப்படிச் சொல்வது? ஸ்டாக் என்றதும் அகராதி நீட்டும் சொற்கள் இருப்பு, சரக்கு, பங்கு. மூன்றையும் காருக்கு முன்னால் வைத்துப் பாருங்கள், ஒன்றுகூட ஒட்டாது. ஆனால் நம்மூர் பைக் பிரியர்களிடம் சரியான பொருள் ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது. ‘சைலன்சர் ஸ்டாக்கா, மாத்தினதா?’ என்று கேட்பார்கள். மெக்கானிக் கடையில் இதையே ‘கம்பெனி ஃபிட்டிங்’ என்பார்கள். ஆலையிலிருந்து வந்தபடியே, யாரும் கை வைக்காமல் இருப்பது. ஸ்டாக் காரில் உள்ள ஸ்டாக் இதுதான். விற்பனைக்கென்று கடை இருப்பில் நிற்கும் கார் என்பதிலிருந்து வந்த பொருள் இது. பந்தயத்துக்கென்றே கட்டிய காரிலிருந்து பிரித்துக் காட்ட அமெரிக்கர்கள் இந்த அடைமொழியைச் சேர்த்தார்கள்.

1948-ல் புளோரிடாவின் டேடோனா பீச்சில் பில் ஃபிரான்ஸ் முன்னின்று தொடங்கிய நாஸ்கார் என்ற கார் பந்தய அமைப்பின் முழுப்பெயரிலேயே ஸ்டாக் கார் உண்டு. மறு ஆண்டு அவர்கள் கொண்டுவந்த பிரிவின் பெயர் ‘ஸ்ட்ரிக்ட்லி ஸ்டாக்’, அதாவது கண்டிப்பாகக் கம்பெனி நிலை. அந்தக் கண்டிப்பு முதல் பந்தயத்திலேயே சோதனைக்கு வந்தது. 1949 ஜூன் 19, வட கரோலினாவின் சார்லட். முதலில் வந்தவர் கிளென் டனவே. பந்தயம் முடிந்து அவர் ஓட்டிய ஃபோர்டைச் சோதித்தபோது பின்பக்க ஸ்பிரிங்குகளில் கைவேலை தெரிந்தது. கள்ளச்சாராயம் ஏற்றினாலும் வண்டி அமுங்கித் தெரியாமல் இருக்க அப்பகுதியில் செய்யும் வேலை அது. டனவேயைத் தகுதிநீக்கம் செய்து, லிங்கன் காரில் வந்த கன்சாஸ்காரர் ஜிம் ரோப்பர் வென்றதாக அறிவித்தார்கள். அந்த ஃபோர்டு காரின் சொந்தக்காரர் வழக்குப் போட்டார், நிற்கவில்லை. ஸ்டாக் என்றால் என்ன என்ற கேள்வி நீதிமன்றப் படியேறியது அப்படித்தான்.

‘சரக்குக் கார்’ என்று மொழிபெயர்த்தால் நமக்குச் சிரிப்பு வரும். ஆனால் வரலாற்றின்படி அதில் பாதி உண்மை. தென்மாநில ஓட்டுநர்கள் பலர் வேகம் பழகியது இரவில் சாராயம் கடத்தித்தான். ஜூனியர் ஜான்சன் 1956-ல் அப்பாவின் சாராய அடுப்பருகே பிடிபட்டுச் சிறை போனார். வெளியே வந்து 1960-ல் டேடோனா 500 பந்தயத்தை வென்றார். 1986-ல் அதிபர் ரீகன் அவருக்கு மன்னிப்பு வழங்கினார்.

சரி, இந்தச் சொல் எப்படித் தன் பொருளைவிட்டு நழுவியது என்பதை ஒரே குடும்பத்தை வைத்துப் பார்த்துவிடலாம். சார்லட்டில் நடந்த அந்த முதல் பந்தயத்தில் லீ பெட்டி ஓட்டியது இரவல் வாங்கிய ப்யூக் கார். சாலையில் ஓட்டிக்கொண்டு போய், அதிலேயே பந்தயத்தில் இறங்கி, உருட்டிக் கவிழ்த்தார். ஸ்டாக் என்ற சொல்லுக்கு அதைவிட நேர்மையான உதாரணம் கிடைக்காது. மகன் ரிச்சர்ட் பெட்டி 1958-ல் களமிறங்கினார். மறு ஆண்டு அட்லாண்டாவில் மகன் வென்றதாகக் கொடி காட்டியபோது, சுற்றுகளை மறுபடி எண்ணச் சொன்னவர் அப்பாதான். எண்ணிப் பார்த்தபோது வெற்றி அப்பாவுக்கே போனது. அதற்குப் பிறகு ரிச்சர்ட் சேர்த்தது 200 வெற்றி, 7 சாம்பியன் பட்டம். 1967-ல் மட்டும் 27 வெற்றி, அதில் 10 தொடர்ச்சியாக. 43-ஆம் எண் நீலக் காரும் ‘கிங்’ என்ற பட்டப்பெயரும் அவருடையவை.

அவர் ஓட்டிய காலத்திலேயே ஸ்டாக் தலைகீழானது. கடையில் விற்கும் காரைப் பந்தயத்துக்குக் கொண்டுவந்தது போய், பந்தயத்துக்காக வடிவமைத்த காரைக் கடையில் விற்க வேண்டி வந்தது. குறிப்பிட்ட எண்ணிக்கையாவது பொதுமக்களுக்கென்று தயாரித்தால்தான் களத்தில் இறங்க அனுமதி என்பது விதி. அதற்காகவே 1970-ல் கூர்மூக்கும், பின்னால் உயரமான இறக்கையும் வைத்துப் பிளிமத் நிறுவனத்தின் சூப்பர்பேர்ட் கார் வந்தது. முந்தைய ஆண்டு ஃபோர்டு பக்கம் போயிருந்த ரிச்சர்ட் இதை ஓட்டத்தான் பிளிமத்துக்குத் திரும்பி வந்தார். அவருடைய 200-ஆவது வெற்றி 1984 ஜூலை 4 அன்று டேடோனாவில், ரீகன் முன்னிலையில். 1992-ல் ஓய்வு பெற்றபோது அவர் காரில் கம்பெனி ஃபிட்டிங் என்று சொல்ல அநேகமாக எதுவும் மிச்சமில்லை. இன்றைய நாஸ்கார் காரில் முகப்பு விளக்கே ஸ்டிக்கர்தான். 2022 முதல் எல்லா அணிகளுக்கும் ஒரே அமைப்பிலான அடிச்சட்டம். மஸ்டாங், கேம்ரி என்ற பெயர்கள் மேலோட்டின் சாயலுக்காக.

அப்படியானால் தமிழில் என்ன சொல்வது? அடைமொழியின் பொருளுக்கு ‘ஆலைநிலை’ பொருந்தும் என்பது என் எண்ணம். ‘ஆலைநிலைக் கார்’ என்றால் படிப்பவருக்கு விளங்கும். 1949 பற்றி எழுதும்போது தயங்காமல் இதைப் போடலாம். இன்றைய பந்தயத்துக்கு இதைப் போட்டால் பொய்யாகிவிடும். அங்கே ‘ஸ்டாக் கார் பந்தயம்’ என்று பெயர்ச்சொல்லாகவே விடுவதுதான் நேர்மை. ‘இருப்புக் கார்’ எங்குமே வேண்டாம். பிரிட்டனில் இதே சொல் வேறொன்றைக் குறிக்கும். 1954-ல் லண்டனில் தொடங்கிய அங்கத்திய ஸ்டாக் கார், இரும்புப் பம்பர் கட்டி ஒன்றையொன்று இடித்துக்கொள்ளும் பந்தயம். மொழிபெயர்க்கும் முன் எந்த நாட்டுச் செய்தி என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

‘நாஸ்காரில் ஓட்டிய தமிழர்’ என்று நரேன் கார்த்திகேயனைக் குறிப்பிடும்போதும் இதே கவனம் தேவை. 2010-ல் அவர் ஓட்டியது அந்த அமைப்பின் டிரக் தொடரில். அங்கே பந்தயத்தில் ஓடுவது காரே அல்ல, பிக்கப் வண்டி.