கண்ணாடிக்குள் எழுதும் பிள்ளை

வீரவநல்லூரிலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார். மகளுக்கு ஆறரை வயது, இரண்டாம் வகுப்பு. ஆங்கிலச் சின்ன எழுத்தில் ‘பி’ (b) போடச் சொன்னால் ‘டி’ (d) போடுகிறாள். தமிழில் ‘ட’வைக்கூடச் சில நாள் திருப்பிப் போட்டுவிடுகிறாள். இடக்கைப் பழக்கம் வேறு. “புள்ளைக்கு ஏதோ கோளாறு, கயிறு மந்திரிச்சுக் கட்டுங்கன்னு எங்க ஆச்சி சொல்லுதாவ. கட்டவா, டாக்டர்ட்ட காட்டவா? நான் நாள் முழுக்க பீடி சுத்துதேன். பக்கத்துல உக்காந்து சொல்லிக்குடுக்க நேரமில்ல.”

கயிறு வேண்டாம். இப்போதைக்கு டாக்டரும் வேண்டாம். உங்கள் மகளின் மூளை தன் வேலையைச் சரியாகத்தான் செய்கிறது. கொஞ்சம் கூடுதலாகவே செய்கிறது.

ஒளி விழித்திரையில் விழுவது, நரம்பு வழியே மூளையின் பின்பகுதிக்குப் போவது எல்லாம் பள்ளியில் படித்ததுதான். அதற்கு அடுத்த கட்டத்தில், மூளையின் இடப்பக்கம் கீழ்ப்பகுதியில் ஒரு சிறு திட்டு எழுத்துகளை அடையாளம் காணும் வேலையை எடுத்துக்கொள்கிறது. மனிதர் எழுதத் தொடங்கி ஏறத்தாழ 5,000 ஆண்டுகளே ஆகின்றன. எழுத்துக்கென்று மூளையில் ஓர் உறுப்பு பரிணாமத்தில் உருவாக அந்தக் காலம் போதாது. ஆகவே முகங்களையும் பொருள்களையும் பார்த்துப் பழகிய இடத்தில் ஒரு பகுதியைப் படிப்பு வாங்கிக்கொள்கிறது. பிரான்சைச் சேர்ந்த மூளை ஆய்வாளர் ஸ்தனிஸ்லாஸ் தெஹேனும் அவருடன் சேர்ந்தவர்களும் பிரேசிலிலும் போர்ச்சுகலிலும் படித்தவர், படிக்காதவர், வளர்ந்த பிறகு படிக்கக் கற்றவர் ஆகியோரின் மூளையை ஒப்பிட்டு 2010இல் இதைக் காட்டினார்கள். பெரியவர்களான பிறகு கற்றவர்களின் மூளையிலும் அந்தத் திட்டு எழுத்துக்கு விழித்துக்கொண்டிருந்தது.

வாங்கிய இடத்தோடு பழைய குடியிருப்பின் பழக்கமும் சேர்ந்தே வருகிறது. எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

பாபநாசத்துக்கு மேலே களக்காடு–முண்டந்துறைக் காட்டை நினைத்துக்கொள்ளுங்கள். புதருக்கு இடப்பக்கம் தலைகாட்டினாலும் வலப்பக்கம் தலைகாட்டினாலும் புலி புலிதான். ‘இது வேறு பக்கம் பார்க்கும் விலங்கு, புதிதாகக் கற்றுக்கொள்ள வேண்டும்’ என்று நின்று யோசிக்கும் உயிர் பிழைக்காது. அதனால் ஓர் உருவத்தையும் அதன் கண்ணாடிப் பிம்பத்தையும் ஒன்றென்று கொள்ளும் திறன் பார்வையிலேயே ஊறியிருக்கிறது. மனிதரோடு நிற்கவுமில்லை. 2000இல் வெளியான ஓர் ஆய்வில் குரங்குகளின் மூளையில் உருவங்களைக் காணும் நரம்பணுக்களைச் சோதித்தார்கள். ஓர் உருவத்தை இடவலமாகப் புரட்டியபோது அணுக்கள் பெரும்பாலும் முன்போலவே பதில் தந்தன. மேல்கீழாகப் புரட்டியபோது அந்த அளவுக்கு ஒத்துப்போகவில்லை. பிள்ளைகள் எழுத்தைத் தலைகீழாக எழுதுவதைவிட இடவலம் மாற்றி எழுதுவதே அதிகம் என்பதோடு இது அழகாகப் பொருந்துகிறது.

கைப்பிடி எந்தப் பக்கம் திரும்பியிருந்தாலும் கப்பு கப்புதான். செருப்பும் சைக்கிளும் அப்படியே. பிறந்ததிலிருந்து பிள்ளை கண்ட உலகம் முழுவதும் இந்த விதிக்கு உட்பட்டது. திடீரென்று ஒரு நாள் பள்ளியில், குச்சிக்கு வலப்பக்கம் வயிறு இருந்தால் ‘பி’, இடப்பக்கம் இருந்தால் ‘டி’ என்கிறோம். ஆறு வருடம் உதவிய ஒரு திறமையை எழுத்துக்காக மட்டும் விட்டுக்கொடுக்கச் சொல்கிறோம். அதற்குக் காலம் வேண்டாமா?

நம் எழுத்துக்கு இதில் தனி இடம் உண்டு. ஒன்றைக் கண்ணாடியில் காட்டினால் இன்னொன்று வந்து நிற்கும் இரட்டை எழுத்துகள் தமிழில் இல்லை. எரிக் பெடர்சன் என்ற மொழியியலாளர் இதை வைத்துத் தமிழ் பேசுவோரிடம் சோதனை நடத்தி 2003இல் வெளியிட்டார். ஒரு சிறு கோட்டுருவம் பெரிய உருவத்துக்குள் இருக்கிறதா என்று கேட்பது சோதனை. சில படங்களில் அதன் கண்ணாடிப் பிம்பம் மட்டுமே இருக்கும். படிக்காதவர்கள் அதையும் ‘இருக்கிறது’ என்றே ஏற்றார்கள். தமிழ் மட்டும் படித்தவர்களும் ஏறக்குறைய அப்படியே. தமிழோடு ஆங்கில எழுத்தும் அறிந்தவர்கள்தான் பிம்பத்தைத் தள்ளினார்கள். நாம் படிக்கும் எழுத்து நம் கண்ணையே மாற்றுகிறது! இப்படியொரு ஆய்வை நாமே செய்திருக்க வேண்டும் என்பது என் ஆதங்கம். திருநெல்வேலிக்குப் பக்கத்தில் அபிஷேகப்பட்டியில் பல்கலைக்கழகம் இருக்கிறது, சுற்றிலும் தொடக்கப் பள்ளிகள் இருக்கின்றன. தமிழ்ப் பிள்ளை படிக்கக் கற்பதை ஆராய ஒரு கூடத்துக்குப் பணம் ஒதுக்கினால் நாட்டுக்கு நட்டமில்லை.

சரி, வீட்டில் என்ன செய்வது? கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரிவது கைக்கு அப்படி இல்லை. ‘பி’ எழுதும்போது கை முதலில் குச்சியை இழுக்கிறது. ‘டி’ எழுதும்போது முதலில் வயிற்றைச் சுழிக்கிறது. வேறு வேறு அசைவுகள். கண் குழம்பும் இடத்தில் கை வழிகாட்டும். இன்னும் படிக்கத் தெரியாத ஐந்து வயதுப் பிள்ளைகளிடம் கரின் ஜேம்ஸ் என்ற ஆய்வாளர் நடத்திய ஆய்வு 2012இல் வந்தது. தாமே கோணல்மாணலாக எழுதிப் பழகிய எழுத்துகளைப் பார்த்தபோதுதான் அவர்கள் மூளையில் படிப்புக்கான பகுதிகள் நன்றாக விழித்தன. தட்டச்சு செய்தபோதோ புள்ளிக்கோட்டின் மேல் வரைந்தபோதோ அந்த விளைவு கிடைக்கவில்லை.

திண்ணைப் பள்ளிக்காரர்கள் மணலில் விரலால் எழுதவைத்தார்கள். 1789இல் சென்னை எழும்பூரில் அனாதைச் சிறுவர் விடுதியை ஏற்ற ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், நம் பிள்ளைகள் மணலில் எழுதுவதைக் கண்டு தம் பள்ளியிலும் அதைக் கொண்டுவந்தார். பின்னால் இங்கிலாந்துக்கும் எடுத்துப்போனார். நாமோ விஜயதசமியன்று ஒருமுறை அரிசியில் விரல் பிடித்து எழுதவைத்துவிட்டுத் தாம்பாளத்தைப் பரணில் ஏற்றிவிடுகிறோம். அதை இறக்குங்கள். மணலில் தப்பாக எழுதினால் உள்ளங்கையால் ஒரு தடவு, போய்விடும். சிவப்பு மையும் இல்லை, நாளைக்கு யாருக்கும் காட்ட வேண்டியதும் இல்லை.

நேரமில்லை என்கிறீர்கள். சுளகை மடியில் வைத்து இலை சுருட்டும்போது கைதானே வேலையாக இருக்கிறது, காது சும்மாதானே இருக்கிறது? மகளைப் பக்கத்தில் உட்காரவைத்து நாலு வரி சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். திக்கினால் உடனே எடுத்துக்கொடுக்காமல் மனசுக்குள் ஐந்து எண்ணுங்கள். அந்த ஐந்து நொடியில்தான் அவள் எழுத்தையும் ஒலியையும் தானே ஒட்டுகிறாள். ஒருமுறை அப்படி ஒட்டிய சொல் மறுமுறை சீக்கிரம் வரும். ‘விரைவாக’ என்று இருப்பதைப் பார்த்து ‘வெரசா’ என்று வாசித்தால் திட்டாதீர்கள். பொருள் அவளுக்குப் பிடிபட்டுவிட்டது. ‘இத எப்படி எழுதியிருக்கு, எழுத்தப் பாத்துச் சொல்லு’ என்று கேட்டால் போதும்.

இடக்கையை மாற்றாதீர்கள். வலக்கைப் பிள்ளைகளும்தான் திருப்பி எழுதுகிறார்கள். ஏழெட்டு வயதுக்குள் பெரும்பாலும் இது தானாகச் சரியாகிவிடும். மூன்றாம் வகுப்பிலும் எழுத்தைக் கூட்டி வாசிக்கவே திணறினால், அப்போது கற்றல் குறைபாடு அறிந்த ஒருவரிடம் காட்டுங்கள். எழுத்து திரும்புவதைவிட அந்தத் திணறல்தான் கவனிக்க வேண்டிய அறிகுறி.

தாம்பாளத்தில் மணலை ஒரு விரற்கடை உயரத்துக்குப் பரப்பினால் போதும். மணல் கிடைக்காவிட்டால் ரவை.