குடியை நிறுத்திய மூன்றாம் நாள்

திண்டுக்கல் மாவட்டத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். பதினைந்து ஆண்டுகளாகத் தினமும் குடித்துவந்த அவருடைய அண்ணன், கார்த்திகை முதல் தேதி சபரிமலைக்கு மாலை போட்டுக்கொண்டு அன்றோடு குடியை விட்டுவிட்டார். மறுநாள் இரவு வலிப்பு வந்திருக்கிறது. அதற்கடுத்த நாள், சுவரெல்லாம் பூச்சி ஊர்கிறது என்று கத்தியிருக்கிறார். பெற்ற மகளையே அடையாளம் தெரியவில்லை. விரதத்தில் தீட்டுப் பட்டுவிட்டது, சாமி குற்றம் என்று உறவினர்கள் சொல்ல, ஒரு பகல் முழுவதும் திருநீறு பூசிக் காத்திருந்துவிட்டு இரவில்தான் மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறார்கள். நல்ல வேளையாகப் பிழைத்துக்கொண்டார். “குடித்த வரைக்கும் ஒன்றும் ஆகவில்லை. நல்ல காரியத்துக்காக நிறுத்தியதும் ஏன் இப்படி ஆனது?” என்று அந்த வாசகி கேட்கிறார்.

சாமிக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அந்தப் பதினைந்து ஆண்டுகளில் அவருடைய மூளை தன்னை எப்படி மாற்றிக்கொண்டது என்பதில்தான் பதில் இருக்கிறது.

மது உடலுக்குள் போகும் வழி நமக்குத் தெரிந்ததுதான். குடலில் உறிஞ்சப்பட்டு ரத்தத்தில் கலக்கிறது. கல்லீரல் அதை முதலில் அசிட்டால்டிஹைடு என்ற நச்சாகவும், பிறகு அசிட்டேட்டாகவும் மாற்றுகிறது. ஆண்டுக்கணக்கில் இந்த வேலையைச் செய்த கல்லீரலில் கொழுப்பு படியும், அழற்சி வரும், கடைசியில் தழும்பேறிச் சுருங்கும். வாய், தொண்டை, உணவுக்குழாய், கல்லீரல், மார்பகம், பெருங்குடல் ஆகியவற்றில் புற்றுநோய்க்கான ஆபத்தும் கூடுகிறது. இவையெல்லாம் மெதுவாக வரும் கேடுகள். மூன்றே நாளில் உயிரைப் பறிக்கக்கூடியது மூளையில் நடக்கிறது.

மூளையின் நரம்புச் செல்களுக்கு இடையே ஓயாமல் இரண்டு வகைச் செய்திகள் போய்க்கொண்டிருக்கின்றன. ‘இயங்கு’ என்று சொல்லும் வேதிப்பொருள்களில் முதன்மையானது குளூட்டமேட். ‘அடங்கு’ என்று சொல்வது காபா. காபா தன் ஏற்பியில், அதாவது செய்தியை வாங்கிக்கொள்ளும் புரதத்தில், போய் உட்கார்ந்ததும் செல்லின் சவ்வில் ஒரு வாசல் திறக்கும். அதன் வழியே குளோரைடு அயனிகள் உள்ளே நுழையும். எதிர்மின்னூட்டம் கூடிய அந்தச் செல் எளிதில் தூண்டப்படாது. மது இந்த இரண்டிலும் கை வைக்கிறது. காபா திறக்கும் வாசலை இன்னும் தாராளமாகத் திறக்க வைக்கிறது. குளூட்டமேட்டின் முக்கிய ஏற்பிகளில் ஒன்றான என்எம்டிஏவை மட்டுப்படுத்துகிறது. குடித்தவரின் பதற்றம் தணிவதும், நாக்கு குழறுவதும், நடை தள்ளாடுவதும், தூக்கம் அழுத்துவதும் இதனால்தான்.

எனக்கு மிகவும் வியப்பளிப்பது இதற்குப் பிறகு மூளை செய்யும் காரியம். தேரோட்டம் பார்த்தவர்களுக்கு முட்டுக்கட்டை தெரியும். தேர் கட்டுமீறி ஓடாமலிருக்கச் சக்கரத்தின் அடியில் கட்டை கொடுப்பார்கள். தினமும் கட்டை கொடுக்கப்படுகிறது, ஆனால் தேர் குறித்த நேரத்துக்கு நிலைக்கு வந்தே ஆக வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். வடம் பிடிக்க ஆட்களைக் கூட்டிக்கொண்டே போக வேண்டியதுதான். மூளையும் அதையே செய்கிறது. தினமும் மதுவில் ஊறும் நரம்புச் செல்கள், காபா ஏற்பிகளில் ஒரு பகுதியைத் தம் மேற்பரப்பிலிருந்து உள்ளே இழுத்துக்கொள்கின்றன. மிச்சமிருப்பவற்றின் உறுப்புகளையும் மாற்றியமைத்து, மது தொட்டாலும் அவ்வளவாக அசையாதபடி செய்கின்றன. மறுபக்கம் என்எம்டிஏ ஏற்பிகளைக் கூட்டுகின்றன. இத்தனையும் யாரும் சொல்லாமல், குடிப்பவருக்கே தெரியாமல் நடக்கிறது. முன்பு ஒரு குவார்ட்டரில் தள்ளாடியவர் இப்போது அரை பாட்டில் குடித்துவிட்டு நிதானமாகப் பேசுகிறாரே, அது உடம்பின் வலிமை அல்ல. மது இருந்தால் மட்டுமே சமநிலையில் நிற்கும்படி மூளை மாறிவிட்டது.

மாலை போட்ட அன்று முட்டுக்கட்டை ஒரேயடியாக உருவப்பட்டது. வடத்தில் அத்தனை ஆட்களும் அப்படியே இருக்கிறார்கள்.

கடைசிக் குவளைக்குப் பிறகு ஆறு முதல் எட்டு மணி நேரத்தில் கை நடுங்கத் தொடங்கும். வியர்வை, படபடப்பு, குமட்டல், தூக்கமின்மை. காலையில் எழுந்ததும் கொஞ்சம் ஊற்றிக்கொண்டால்தான் கை உதறல் நிற்கிறது என்று குடிநோயாளிகள் சொல்வது இந்த முதல் கட்டத்தைத்தான். முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். பெரும்பாலானோருக்கு நாலைந்து நாளில் எல்லாம் அடங்கிவிடும். சிலருக்கு மட்டும் மூன்றாம் நாள் வாக்கில் சன்னி, அதாவது நினைவு தடுமாறி இல்லாததைக் காணும் நிலை, பிறக்கிறது.

அந்தச் சன்னியை எலும்பு முறிவு வார்டுகளில் வேலை செய்யும் செவிலியர்கள் நன்றாக அறிவார்கள். விபத்தில் கால் உடைந்து படுத்திருப்பவருக்குக் குடி தானாகவே நின்றுபோகிறது. இரண்டு நாள் அமைதியாக இருந்தவர் மூன்றாம் நாள் சாயங்காலம் போர்வையைப் பிய்க்கத் தொடங்குகிறார். இல்லாத எறும்புகளைப் பொறுக்குகிறார். எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டால் பஸ் ஸ்டாண்ட் என்கிறார். ஓட்டுநராக இருந்தால் இரண்டு கைகளும் காற்றில் ஸ்டியரிங்கைத் திருப்புகின்றன. தையல்காரராக இருந்தால் இல்லாத ஊசியில் இல்லாத நூலைக் கோக்கிறார். வெற்றுத்தாளைக் கொடுத்துப் படிக்கச் சொன்னால் சிலர் வரிவரியாகப் படிக்கவும் செய்கிறார்கள். வெளியே பார்ப்பவருக்கு இது வேடிக்கையாகத் தோன்றலாம். உள்ளே இதயம் தறிகெட்டு ஓடுகிறது, காய்ச்சல் ஏறுகிறது, உடலின் உப்புச் சமநிலை குலைகிறது. சரியான சிகிச்சை இல்லாத காலத்தில் இந்த நிலையை அடைந்தவர்களில் மூன்றில் ஒருவர் வரை இறந்திருக்கிறார்கள். இன்று முறையான சிகிச்சை கிடைத்தால் அது நூற்றுக்கு ஐந்துக்கும் கீழ்.

இந்தச் சன்னியை ஆங்கிலேய மருத்துவர் தாமஸ் சட்டன் 1813இலேயே விவரித்துப் பெயரிட்டுவிட்டார். ஆனால் காரணம் மதுவின் நஞ்சா, சத்துக் குறைவா என்ற விவாதம் ஒரு நூற்றாண்டுக்கு மேல் நீண்டது. அமெரிக்காவில் கென்டக்கி மாநிலத்தின் லெக்சிங்டனில் ஹாரிஸ் இஸ்பெல் குழுவினர் 1955இல் வெளியிட்ட ஆய்வுதான் அதற்கு முடிவு கட்டியது. முன்பு மார்பின் பழக்கத்துக்கு ஆளானவர்களுக்கு நல்ல உணவும் வைட்டமின்களும் கொடுத்தபடியே, 48 முதல் 87 நாட்கள் வரை தொடர்ந்து மது கொடுத்துத் திடீரென்று நிறுத்தினார்கள். வலிப்பும் சன்னியும் வந்தன. சத்துக் குறைவு காரணமல்ல, நிறுத்தம்தான் காரணம் என்று தெளிவானது. சிறைத் தண்டனையில் இருந்தவர்களின் உடலில் நடத்தப்பட்ட சோதனை இது. இன்று எந்த அறக்குழுவும் அனுமதிக்காது, அனுமதிக்கவும் கூடாது.

நோயின் வழி தெரிந்ததும் மருந்தின் வழியும் தெரிந்துவிடுகிறது. டயசிபாம், குளோர்டயசிபாக்சைடு போன்ற மருந்துகள் அதே காபா ஏற்பியில் வேறொரு இடத்தில் அமர்ந்து வாசலைத் திறக்க உதவுகின்றன. முதலில் தேவையான அளவு கொடுத்து, ஒரு வாரம், பத்து நாளில் படிப்படியாகக் குறைக்கிறார்கள். அதற்குள் மூளை தன் ஏற்பிகளைப் பழைய நிலைக்குத் திருப்பத் தொடங்கிவிடும். கல்லீரல் மிகவும் கெட்டிருந்தால் லோரசிபாம் தேர்ந்தெடுக்கப்படும். கூடவே தயமின் ஊசி அவசியம். குடிநோயாளிகளின் உடலில் இந்த வைட்டமின் வற்றிப்போயிருக்கும். அந்த நிலையில் தயமின் இல்லாமல் குளுக்கோஸை மட்டும் ஏற்றினால், மிச்சமிருக்கும் தயமினும் செலவாகி, நினைவாற்றலே நிரந்தரமாக அழியக்கூடிய மூளைப் பாதிப்பு வரலாம். சோர்வாக இருக்கிறார் என்று ஊர் கிளினிக்கில் ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றிவரும் வழக்கம் நம்மிடம் உண்டு. அழைத்துப் போகிறவர்கள் இவர் தினமும் குடிப்பவர் என்பதை வெட்கப்படாமல் மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.

மாலை போடுவதையும் கோயிலில் கயிறு கட்டிக்கொள்வதையும் நான் குறை சொல்லவில்லை. குடியை விட ஒருவருக்கு உறுதி வேண்டும், அது எங்கிருந்து வந்தாலும் நல்லது. ஆனால் 41 நாள் விட்டு, மாலை கழற்றிய அன்றே தொடங்கி, அடுத்த ஆண்டு மறுபடியும் ஒரேயடியாக நிறுத்துகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஒவ்வொரு திடீர் நிறுத்தமும் மூளையை மேலும் எளிதில் தூண்டப்படுவதாக்குகிறது. முதல் முறை வெறும் நடுக்கத்தோடு போனது நான்காம் முறை வலிப்பில் முடியலாம். தினமும் நிறையக் குடிப்பவர், காலையிலேயே தேவைப்படுபவர், முன்பு வலிப்பு வந்தவர் ஆகியோர் மாலை போடும் முன் மருத்துவரைப் பார்த்தாக வேண்டும். சாமி குற்றம் என்று சொல்லி ஒரு நாளைக் கடத்துவது எனக்குக் கோபத்தையே உண்டாக்குகிறது. அந்த ஒரு நாளில்தான் உயிர் போகிறது.

2020 மார்ச்சில் ஊரடங்கால் மதுக்கடைகள் மூடப்பட்டபோது, நாடு முழுவதும் லட்சக்கணக்கானோருக்கு இதே திடீர் நிறுத்தம் ஒரே வாரத்தில் நேர்ந்தது. கேரளத்தில் தற்கொலைகள் நிகழ, மருத்துவர் சீட்டு இருந்தால் மது தரலாம் என்று அந்த அரசு உத்தரவிட்டது. மருத்துவர்கள் எதிர்த்தார்கள், உயர் நீதிமன்றம் தடை விதித்தது. விலை குறைந்த மருந்துகள் இருக்கும்போது மதுவையே மருந்தாக எழுதத் தேவையில்லை. மருந்து தரும் படுக்கைகள்தான் போதவில்லை. 2019இல் மத்திய அரசு வெளியிட்ட தேசிய ஆய்வின்படி, மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதாவதொரு சிகிச்சை பெற்றிருக்கிறார். தமிழ்நாட்டில் 2003 முதல் சில்லறை மது விற்பனையை அரசே நடத்துகிறது. அந்த வருவாயில் ஒரு சிறு பங்கை ஒதுக்கினால் ஒவ்வொரு தாலுகா மருத்துவமனையிலும் நான்கு படுக்கைகளும் பயிற்சி பெற்ற செவிலியரும் வைக்க முடியும். ஆராய்ச்சிக்கும் அதிலிருந்தே பணம் வர வேண்டும் என்பது என் கருத்து.

சன்னியைத் தாண்டிவிட்டால் குடிநோய் தீர்ந்தது என்று வீட்டார் நினைக்கக் கூடாது. தூக்கம் சரியாகப் பல வாரம் பிடிக்கும். குடி நினைப்பு மாதக்கணக்கில் வந்து வந்து போகும். அதைத் தணிக்க நால்ட்ரெக்சோன், அகாம்ப்ரோசேட் என்ற மாத்திரைகள் இருக்கின்றன. ஆலோசனையோடும் மீண்டவர்களின் கூட்டங்களோடும் சேரும்போது அவை நன்கு உதவுகின்றன. டைசல்பிராம் வேறு மாதிரி: அதை எடுத்துக்கொண்டவர் குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, ரத்த அழுத்தம் சரியும். நோயாளியே சம்மதித்து, மருத்துவர் கண்காணிப்பில் எடுக்க வேண்டிய மருந்து அது. ‘குடிப்பவருக்குத் தெரியாமல் சாம்பாரில் கலந்து கொடுங்கள்’ என்று விளம்பரம் செய்யப்படும் பொடிகளில் என்ன கலந்திருக்கிறதோ! அவற்றை வாங்காதீர்கள். போதை மீட்புக்கான தேசிய உதவி எண் 14446. மனநல ஆலோசனைக்கான டெலி மானஸ் எண் 14416. குடும்பத்தினரும் இந்த எண்களில் அழைத்துப் பேசலாம்.