போட் மெயில் ஏன் ஆடுகிறது, எப்படித் திரும்புகிறது?

எழும்பூரில் இரவு ஏறிப் படுத்து மறுநாள் இராமேஸ்வரத்தில் இறங்கும் போட் மெயிலைப் பற்றி ஒரு வாசகர் கேட்டிருந்தார். மீட்டர் கேஜ் காலத்தில் பெர்த்தில் படுத்தவரை இடமும் வலமுமாக உலுக்கிய ஆட்டம், இப்போது ஏன் அவ்வளவாக இல்லை?

வண்டியின் கதை பலருக்கும் தெரிந்ததுதான். முதலில் தூத்துக்குடி வரை ரயில், அங்கிருந்து கொழும்புக்குக் கப்பல். 1914-ல் பாம்பன் பாலம் திறந்ததும் தனுஷ்கோடிக்கு ஓடியது. அங்கே கப்பலேறினால் தலைமன்னார். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிய, இராமேஸ்வரமே கடைசி நிலையமானது. 2007-ல் பாம்பன் பாலமும் அகலப் பாதையாக மாறியது. தண்டவாளங்களின் இடைவெளி 1,000 மில்லிமீட்டரிலிருந்து 1,676 ஆனது. விடையின் ஒரு பகுதி அங்கே இருக்கிறது. ஆனால் அதற்கு முன் சக்கரத்தைப் பார்த்தாக வேண்டும்.

கார் திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் அதிகம் சுற்ற டிஃபரன்ஷியல் உதவுகிறது. ரயிலிலோ இரண்டு சக்கரங்களும் ஒரே அச்சில் இறுக்கப்பட்டவை. ஒன்று ஒரு சுற்று சுற்றினால் மற்றதும் ஒரே சுற்றுதான். அகலப் பாதையில் ரயில் 90 பாகை திரும்பினால், வெளித் தண்டவாளம் உள் தண்டவாளத்தைவிட சுமார் 2.75 மீட்டர் நீளம். வளைவு பெரிதோ சிறிதோ, இந்த வித்தியாசம் மாறாது! பெட்டியின் சக்கரத்துக்கு அது ஏறக்குறைய ஒரு முழுச் சுற்று. அந்த ஒரு சுற்றை யார் ஈடுகட்டுவது?

சக்கரத்தின் வடிவமே ஈடுகட்டுகிறது. அதன் ஓடும் பரப்பு தட்டையானதல்ல, 20-க்கு 1 என்ற சரிவில் கடைந்த கூம்பு. உள்பக்கம், அதாவது சக்கரம் தண்டவாளத்தைவிட்டு இறங்காமல் தடுக்கும் விளிம்பு இருக்கும் பக்கம், பருமன் அதிகம். இரண்டு காகிதக் கோப்பைகளை வாயோடு வாய் ஒட்டி, இரண்டு குச்சிகள் மேல் உருட்டிப் பாருங்கள். விலகினாலும் தானே நடுவுக்கு வரும். அடியோடு அடி ஒட்டினால் உடனே கீழே விழும். ரயில் அச்சு முதல் வகை. வளைவில் அச்சு சற்றே வெளிப்பக்கம் நகர்கிறது. வெளிச்சக்கரம் தன் பருத்த பகுதியிலும், உள்சக்கரம் மெலிந்த பகுதியிலும் உருள்கின்றன. ஒரே சுற்றில் ஒன்று அதிக தூரம் போக, அச்சு தானாகத் திரும்புகிறது. 875 மீட்டர் ஆரமுள்ள வளைவுக்குச் சுமார் 9 மில்லிமீட்டர் நகர்ந்தாலே போதும். ஓட்டுநர் கையில் ஸ்டியரிங் இல்லாமல் ஒரு முழு ரயிலை இந்த 9 மில்லிமீட்டர் திருப்புகிறது என்பதை எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு வியப்பு தீர்வதில்லை.

வளைவு மிகக் குறுகினால் நகர இடம் போதாது. விளிம்பு தண்டவாளத்தில் உரசும், சக்கரம் பக்கவாட்டில் வழுக்கும். நிலையத்துக்குள் வண்டி தடம் மாறும்போது கேட்கும் கிறீச்சொலி அதனால்தான்.

இனி ஆட்டம். நேர்ப்பாதையிலும் கூம்பு சும்மா இருப்பதில்லை. அச்சு வலப்புறம் நகர்ந்தால் வலச்சக்கரம் முந்தும், அச்சை நடுவுக்குத் திருப்பும். நடுவுக்கு வரும்போதும் அச்சு இடப்புறம் திரும்பியே இருப்பதால், அது நடுவைக் கடந்து இடப்புறம் போகும். இப்படிப் பாம்புபோல் நெளியும் அலையின் நீளத்தை 1883-லேயே கிளிங்கெல் என்ற ஜெர்மானியப் பொறியாளர் சூத்திரமாக்கினார். அகலப் பாதையில் தனி அச்சுக்கு அது சுமார் 18 மீட்டர். பாதை குறுகினால், சக்கரம் சிறுத்தால், அலையும் குறுகும். அதே வேகத்தில் ஆட்டம் அடிக்கடி வரும். மீட்டர் கேஜில் இரண்டும் சேர்ந்தே இருந்தன. போதாததற்குப் பெட்டி நிற்கும் அடித்தளமும் குறுகல். அகலப் பாதையோடு நல்ல சுருள்வில்களும் அதிர்வுத் தணிப்பான்களும், இணைப்பு தெரியாமல் பற்றவைத்த நீளத் தண்டவாளங்களும் வந்தது மீதிக் காரணம்.

சக்கரம் தேயத் தேயக் கூம்பின் வடிவம் கெடும், நெளிவு கூடும். அதனால்தான் பணிமனையில் அதை மீண்டும் கடைகிறார்கள். புது ரயில்களுக்குக் கொடியசைக்கும் உற்சாகத்தில் பாதியாவது இந்தக் கடைசல் பட்டறைகளுக்கும், சக்கரமும் தண்டவாளமும் தொடும் சில மில்லிமீட்டரை ஆராயும் ஆய்வகங்களுக்கும் போக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பயணியின் தூக்கமும் பாதுகாப்பும் அங்கேதான் தீர்மானமாகின்றன.