சர்வர் விலை கேட்கும் முன்

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ் கடைவீட்டு மாடியில் 15 பேர் வேலை பார்க்கும் அலுவலகம் என்று வைத்துக்கொள்வோம். சர்வருக்கு விண்டோஸா லினக்ஸா என்ற பேச்சு பிறகு. ஊழியர்களின் மடிக்கணினியில் இருப்பது விண்டோஸ் ஹோமா, புரோவா என்று முதலில் பாருங்கள். ஹோம் பதிப்பு டொமைனில், அதாவது எல்லாக் கணினியையும் பயனர் கணக்கையும் சர்வரிலிருந்தே நிர்வகிக்கும் ஏற்பாட்டில், சேராது. லோ யாட் கணினிக் கடைகளில் மலிவு பார்த்து வாங்கியிருந்தால், புரோவுக்கு மாற்றும் செலவே தனி.

விண்டோஸ் சர்வர் ஸ்டாண்டர்டுக்குக் கோர் (செயலிக்குள் இருக்கும் கணக்கிடும் அலகு) கணக்கில் லைசென்ஸ். இயந்திரத்தில் 8 கோர்தான் என்றாலும் 16-க்குக் கட்ட வேண்டும். அதற்கு மேல் ஆளுக்கொரு அணுகல் லைசென்ஸ். கொட்டேஷனில் அந்த லைசென்ஸ் குறிக்கப்பட்டிருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். ஷிப்ட் ஆட்கள் ஒரே கணினியைப் பயன்படுத்தினால் ஆளுக்கொன்றாக இல்லாமல் கருவிக் கணக்கில் எடுப்பதே லாபம்.

லினக்ஸில் ஓடும் சர்வர் மென்பொருளான சாம்பாவுக்கு லைசென்ஸ் செலவு கிடையாது. 2012 டிசம்பரில் வந்த 4.0 முதல் அதுவே ஆக்டிவ் டைரக்டரி (மைக்ரோசாஃப்டின் டொமைன் முறை) டொமைன் கண்ட்ரோலராக, அதாவது லாகினைச் சரிபார்க்கும் சர்வராக, ஓடும். குறை ஒன்று உண்டு: இரண்டு கண்ட்ரோலர் வைத்தால் குரூப் பாலிசி (கணினிகளுக்கு மொத்தமாகப் போடும் விதிகள்) கோப்புகள் தாமாக மற்றதற்குப் போகாது. ஆர்சிங்க் என்ற கருவியைப் போட்டு நாமே நகலெடுக்க வேண்டும். மறந்தால், ஒரே பாலிசி ஒரு மேசையில் வேலை செய்யும், பக்கத்து மேசையில் செய்யாது. லினக்ஸ் தெரிந்த ஆள் கூப்பிடு தூரத்தில் இல்லையென்றால் விண்டோஸுக்கே காசு கொடுத்துவிடலாம்.

எதை எடுத்தாலும் கண்ட்ரோலரிலேயே கோப்புகளை வைக்காதீர்கள். ஒரே பெட்டியில் இரண்டு மெய்நிகர் இயந்திரம் (மென்பொருளாலான தனி சர்வர்) போதும்: ஒன்று கண்ட்ரோலருக்கு, ஒன்று கோப்புக்கு. ஸ்டாண்டர்டு லைசென்ஸும் இரண்டுக்கு இடம் தருகிறது.

பழுது பெரும்பாலும் பெயரைக் கொண்டு முகவரி தேடித்தரும் டி.என்.எஸ்.ஸில்தான். இணைய ரவுட்டரே டி.எச்.சி.பி. (கணினிக்கு ஐ.பி. முகவரி தரும் சேவை) கொடுத்தால் தன் முகவரியையே டி.என்.எஸ்.ஸாகத் தரும், கணினிக்கு டொமைன் எங்கே என்று தெரியாது. லாகின் நிமிடக்கணக்கில் இழுக்கும். டி.எச்.சி.பி.யில் கண்ட்ரோலரின் ஐ.பி. மட்டும் இருக்கட்டும். ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று இரண்டாவதாக கூகுளின் பொது டி.என்.எஸ்.ஸான 8.8.8.8 சேர்ப்பதுதான் வினை: கண்ட்ரோலர் ஒருமுறை பதில் சொல்லத் தாமதித்தால் விண்டோஸ் அங்கே தாவிவிடும், உடனே திரும்பாது. 8.8.8.8-ஐக் கண்ட்ரோலருக்குள் ஃபார்வர்டராக, அதாவது தனக்குத் தெரியாத பெயரை அது கேட்கும் இடமாக, போடுங்கள். கணினியின் கடிகாரமும் கண்ட்ரோலரின் கடிகாரத்திலிருந்து 5 நிமிடத்துக்கு மேல் விலகக் கூடாது. விலகினால், லாகினைச் சரிபார்க்கும் கெர்பரோஸ் உள்ளே விடாது.

ஐந்து பேர்தான் என்றால் டொமைனே வேண்டாம். இரண்டு டிஸ்க் போட்ட நாஸ் (அலுவலக வலையில் கோப்பு வைக்கும் பெட்டி) போதும். ஆனால் ரெய்டு, அதாவது ஒரே கோப்பை இரண்டு டிஸ்கிலும் எழுதுவது, பேக்கப் ஆகாது. தவறி அழித்த கோப்பு இரண்டு டிஸ்கிலும் சேர்ந்தே போகும். வருமான வரிக்காகக் கணக்கை 7 ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்பதால், வெளியே இன்னொரு டிஸ்க் கட்டாயம்.