‘அமானுஷ்யம்’ என்ற சொல்லும் கோல்ச்சாக்கின் 20 வெள்ளிக்கிழமைகளும்

அமெரிக்காவின் ஏ.பி.சி. தொலைக்காட்சியில் 1974 செப்டம்பர் 13 அன்று தொடங்கி, 1975 மார்ச் 28 அன்று முடிந்துபோன தொடர் ‘கோல்ச்சாக்: த நைட் ஸ்டாக்கர்’. மொத்தமே 20 எபிசோடுகள், எல்லாம் வெள்ளிக்கிழமை இரவுகளில் வந்தவை. 50 ஆண்டு கழிந்த பின்னும் அதைத் தேடிப் பிடித்துப் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். நானும் அவர்களில் ஒருவன். அதைப் பற்றித் தமிழில் ஒரு வரி எழுதலாம் என்று உட்காரும்போதெல்லாம் முதல் சொல்லிலேயே கை நின்றுவிடும். இந்த வகையை ஆங்கிலத்தில் ‘சூப்பர்நேச்சுரல்’ குற்றத் தொடர் என்கிறார்கள். நம் பத்திரிகைகளில் ‘அமானுஷ்யத் தொடர்’ என்று போடுவார்கள். ஒன்றுக்கொன்று நேர்ச்சொல் என்றே பலரும் நினைத்திருக்கிறோம். பிரித்துப் பார்த்தால் இரண்டும் இரண்டு திசையில் போகின்றன.

‘அமானுஷ்யம்’ வடமொழிச் சொல். மனு என்ற பெயரிலிருந்து மானுஷ, அதாவது மனிதனுக்குரியது. முன்னால் எதிர்மறை ‘அ’ சேர்ந்தால் அமானுஷ: மனிதனுக்குரியது அல்லாதது. அந்தச் சொல் சொல்வது இவ்வளவுதான். ‘மேலானது’ என்றோ ‘கீழானது’ என்றோ அது சொல்வதில்லை. அதனால் வடமொழியில் தெய்வச் செயலுக்கும் அது பொருந்தும், மனிதத்தன்மையற்ற கொடுமைக்கும் பொருந்தும். இந்தியில் ‘அமானுஷிக்’ என்றால் கொடூரம் என்ற பக்கம் சாய்ந்துவிட்டது. தமிழில் அந்தப் பக்கம் வரவே இல்லை. இங்கே அமானுஷ்யம் என்றால் பேய், ஆவி, ஆளில்லா வீட்டில் கேட்கிற காலடி, காரணம் காட்ட முடியாத சாவு. கொடுமையைச் சொல்ல நமக்கு வேறு சொற்கள் இருக்கின்றன.

எழுத்தைப் பற்றி ஒரு வார்த்தை. வடமொழி ‘ஷ’ தமிழுக்குள் வரும்போது ‘ட’ ஆவது பழைய வழக்கம். விஷம் விடம் ஆனது, புருஷன் புருடன் ஆனான், மானுஷம் மானுடம் ஆனது. இந்த மானுடத்தைக் கம்பன் கையாண்டிருக்கும் இடம் மறக்க முடியாதது. கிட்கிந்தையில் இராமனை முதலில் பார்த்த சுக்கிரீவன், சிவனும் பிரமனும் முதலான தேவர் குழுவை எல்லாம் ‘மானுடம் வென்றது அன்றே’ என்கிறான். மானுடம் அவ்வளவு இயல்பாக நமக்குள் வந்துவிட்டபோது, அதன் எதிர்மறை மட்டும் ஏன் கிரந்த எழுத்தோடு நிற்க வேண்டும்? ‘அமானுடம்’ என்று எழுதுவதே ஒழுங்கு. சிலர் அப்படி எழுதவும் செய்கிறார்கள். எழுத்து சரியாகிவிடும், ஆனால் பொருள் பற்றிய கேள்வி அப்படியே இருக்கும்.

‘சூப்பர்நேச்சுரல்’ லத்தீன் வழி வந்தது. ‘சூப்பர்’ என்றால் மேலே. ‘நாத்தூரா’ என்பது பிறத்தல் என்ற வினையிலிருந்து பிறந்த பெயர். ஒரு பொருள் பிறவியிலேயே கொண்டுவந்த தன்மை. பிறவித் தன்மைக்கு மேற்பட்டது சூப்பர்நேச்சுரல். இந்தச் சொல் கதைக்காரர்களின் பட்டறையில் உருவானதன்று. அதை ஊன்றச் செய்தவர்கள் இடைக்கால ஐரோப்பாவின் கிறித்துவ இறையியலாளர்கள், முக்கியமாக 13ஆம் நூற்றாண்டின் தாமஸ் அக்குவைனாஸ். அவர்கள் கணக்கில் இயற்கைக்கு மேலே நின்று செயல்படக்கூடியவர் கடவுள் ஒருவரே. தேவதூதர், சாத்தான், பிசாசு எல்லாமே படைக்கப்பட்டவை. அவை செய்வது எவ்வளவு வியப்பாக இருந்தாலும் வழக்கத்துக்குப் புறம்பானதே தவிர, இயற்கைக்கு மேலானதாகாது. அதற்கு ‘மேலே’ என்ற ஒட்டை எடுத்துவிட்டுப் ‘புறத்தே’ என்ற ஒட்டைப் போட்டு ‘பிரிட்டர்நேச்சுரல்’ என்று தனிச்சொல் வைத்திருந்தார்கள். அந்தப் பாகுபாடு பின்னால் பொதுவழக்கில் தேய்ந்துபோய், கடவுளுக்கென்று காத்துவைத்த சொல்லைப் பேய்களும் எடுத்துக்கொண்டன. பழைய கணக்குப்படி பார்த்தால், தொடரின் நாயகன் கோல்ச்சாக் துரத்துகிற பேய், அரக்கன் ஒன்றுகூட சூப்பர்நேச்சுரல் ஆகாது.

இதைத் தமிழில் சொல்லுக்குச் சொல் பெயர்த்து ‘மீயியற்கை’ என்கிறார்கள். மீயொலி, மீக்கடத்தி போன்ற அறிவியல் சொற்களில் ‘மீ’ நன்றாகவே பொருந்தியிருக்கிறது. இங்கே எனக்கு அது பொருந்தவில்லை. காரணம் ‘மீ’ அல்ல, ‘இயற்கை’. ‘இயற்கைப் பொருளை இற்றெனக் கிளத்தல்’ என்கிறது தொல்காப்பியம். அடுத்த நூற்பாவே ‘செயற்கைப் பொருளை ஆக்கமொடு கூறல்’. நிலம் வலிது என்று சொல்லலாம். நீர் பெய்து குழைந்திருந்தால் நிலம் மெலிதாயிற்று என்று ‘ஆயிற்று’ சேர்த்துச் சொல்ல வேண்டும். தமிழில் இயற்கைக்கு இணையாக நிற்பது செயற்கை. இயல்பாக இருப்பது ஒன்று, செய்து ஆவது மற்றொன்று. இயற்கை என்று ஒரு கூரை, அதற்கு மேலே பேய்களும் தெய்வங்களும் குடியிருக்கும் ஒரு மாடி என்ற படம் இந்தச் சொல்லுக்குள் இல்லை. நம் பேய் புளியமரத்தில் இருக்கிறது, நம் தெய்வம் ஏரிக்கரையில் இருக்கிறது. மலையில், சுனையில், ஊர் நடுவில் நாற்சந்தியில் இருக்கின்றன. எதற்கும் மேலே இல்லை.

இந்த இடத்தில் தொடருக்குப் போக வேண்டும், ஏனென்றால் அதன் உலகமும் இப்படித்தான் இருக்கிறது. கார்ல் கோல்ச்சாக் சிகாகோவில் ஐ.என்.எஸ். என்ற சிறிய செய்தி நிறுவனத்தின் நிருபர். வேடத்தில் டேரன் மெக்காவின்: கசங்கிய கோடு போட்ட சூட், வைக்கோல் தொப்பி, தோளில் கேமரா, கையில் டேப் ரெக்கார்டர். ஜெஃப் ரைஸ் எழுதி அச்சேறாமல் இருந்த நாவலை வைத்து ரிச்சர்ட் மாத்திசன் திரைக்கதை எழுத, டான் கர்டிஸ் தயாரித்த தொலைக்காட்சிப் படத்தில்தான் இந்தப் பாத்திரம் முதலில் வந்தது. லாஸ் வேகாஸில் பெண்களின் ரத்தத்தை உறிஞ்சிக் கொன்றுபோடும் ஒருவனைப் பற்றிய கதை. 1972 ஜனவரி 11 அன்று ஒளிபரப்பானபோது, அதுவரை வந்த தொலைக்காட்சிப் படங்களிலேயே அதிகம் பேர் பார்த்தது அதுதான். அடுத்த ஆண்டு இன்னொரு படம், அதற்கடுத்த ஆண்டு தொடர்.

ஒவ்வொரு கதையும் பிணத்தில் தொடங்கும். கோல்ச்சாக் பிணவறைக்காரரைக் கேட்பான், பழைய செய்தித்தாள் கட்டுகளைப் புரட்டுவான், எந்தத் தெரு, எந்த நேரம், எத்தனை நாள் இடைவெளி என்று கோடு போடுவான். கொலையாளி ரத்தக்காட்டேரியாகவோ ஓநாய் மனிதனாகவோ தலையற்ற மோட்டார் சைக்கிள்காரனாகவோ இருக்கலாம். ஆனால் அதற்கும் ஒரு பழக்கம் உண்டு, ஒரு இடம் உண்டு, ஒரு பலவீனம் உண்டு. அதைத் துப்பறிந்தால் பிடிக்கலாம். இயற்கைக்கு மேலே நிற்கிற ஒன்றை எப்படித் துப்பறிவது? தடயம் விடுகிறது என்றாலே அது இந்த உலகத்துக்குள் வாழ்கிறது என்றுதானே பொருள். மனிதன் அல்லாதது, அவ்வளவே. இந்தத் தொடருக்கு ‘சூப்பர்நேச்சுரல்’ என்பதைவிட நம் ‘அமானுடம்’ நெருக்கமான சொல் என்று நான் சொல்வது இதனால்தான்.

அதிலும் ஒரு எபிசோட் நம் சொற்கள் இருக்கும் பக்கத்துக்கே வருகிறது. 1974 டிசம்பர் 20 அன்று வந்தது, ஜிம்மி சாங்ஸ்டர் எழுதியது. சிகாகோவில் வயதான யூதர்கள் வாழும் ஏழைப் பகுதி. முதியவர்கள் ஒவ்வொருவராகக் கடித்துக் குதறப்பட்டுச் சாகிறார்கள். சுவர்களில் ஸ்வஸ்திகம் வரையப்பட்டிருக்கிறது. நாஜிகளின் கொடுமை நினைவிலிருந்து போகாத மக்களுக்கு அதைப் பார்த்தால் என்ன தோன்றும்? ஆனால் வரைந்தவர் ஒரு முதிய இந்தியர், அதைக் காப்புச் சின்னமாக வரைந்திருக்கிறார். அவர் ஆயுள் முழுதும் தேடிக்கொண்டிருப்பது ஒரு ராட்சதனை. எதிரில் வருபவர் யாரை முழுதாக நம்புகிறாரோ அவர் உருவத்தில் அது வந்து நிற்கும். கோல்ச்சாக்கின் முன் வரும்போது, அலுவலகத்தில் அவன் மதிக்கும் முதிய பெண்மணி எமிலியின் உருவத்தில் வருகிறது. அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே அவன் அம்பை எய்ய வேண்டும். எத்தனை முறை பார்த்தாலும் அந்த இடத்தில் நான் மூச்சைப் பிடித்துக்கொள்கிறேன். ‘ராக்ஷஸ’ என்ற அதே சொல்தான் நம்மிடம் அரக்கன் ஆனது. ரகரத்தில் சொல் தொடங்காது என்பதால் முன்னால் ஒரு அகரம். அமானுஷ்யத்தின் அகரம் எதிர்மறை, அரக்கனின் அகரம் வெறும் வாசற்படி.

இனித் தமிழ்ச்சொல். அமானுடம் செம்மையாக்கப்பட்ட வடசொல், அவ்வளவே. ‘இயற்கைக்கு அப்பாற்பட்ட’ என்பது சொல் அன்று, விளக்கம்; அதிலும் அந்த மாடிவீடு ஒளிந்திருக்கிறது. ‘பேய்த்தொடர்’ என்றால் அரக்கனும் ஓநாய் மனிதனும் வெளியே நிற்பார்கள். என் தேர்வு அணங்கு.

இன்று அணங்கு என்றால் அழகிய பெண் என்றே பலர் காதில் விழும். பழைய பொருள் அதுவன்று. அணங்குதல் என்றால் வருத்துதல், தாக்கி நிலைகுலையச் செய்தல். அப்படிச் செய்யும் ஆற்றலும் அணங்கு. அழகியைக் கண்டு ‘அணங்குகொல் ஆய்மயில் கொல்லோ’ என்று குறளின் தலைவன் கேட்கும்போது, அவள் தன்னைத் தாக்கிய வேகத்தில் மனிதப் பெண்தானா என்று ஐயப்படுகிறான். அழகு என்ற பொருள் பின்னால் ஒட்டியது. இச்சொல்லின் பலம், அது இருப்பிடத்தையோ பிறப்பையோ பேசாமல் செயலைப் பேசுகிறது. தெய்வமா பேயா, மேலா கீழா என்று கேட்பதில்லை. என்ன செய்தது என்று கேட்கிறது. துப்பறிகிறவன் கேட்பதும் அதையே.

அகநானூற்றின் 22ஆம் பாட்டை இங்கே படிக்க வேண்டும். ‘அணங்குடை நெடுவரை’ என்று தொடங்குகிறது, தெய்வம் உறையும் மலை. மூன்றாம் அடியில் அந்த மலைநாட்டானின் ‘வியல் மார்பு அணங்கிய செல்லல்’ என்று வருகிறது: அவன் மார்பு தந்த துயரம். மலையில் இருப்பதும் அணங்கு, காதலன் மார்பு செய்வதும் அணங்குதல். பெண் மெலிகிறாள். காரணம் தெரியாத தாய், முருகனால் வந்தது என்று கேட்டறிந்து வெறியாட்டு என்ற சடங்கை நடத்துகிறாள். வேலன் என்ற முருகன் பூசாரி வந்து ஆடுகிறான். அன்று இரவு காவலைக் கடந்து காதலனே வந்துவிட, நோய் தீர்கிறது. பெருமை வேலனுக்குப் போவதை நினைத்து அவள் சிரிக்கிறாள். ஊர் முழுதும் அணங்கைத் தேட, காரணம் ஒரு மனிதன். கோல்ச்சாக்கின் கதை இதன் மறுபக்கம். போலீசும், அவனோடு ஓயாமல் சண்டைபோட்டுக்கொண்டே அவனைக் காப்பாற்றும் செய்தி ஆசிரியர் வின்சென்சோவும், ஊரும் மனிதக் கொலையாளியைத் தேட, காரணம் அணங்கு. பாட்டில் உண்மை தெரிந்தவள் ஒருத்தி, அவள் சொல்ல முடியாது. தொடரில் தெரிந்தவன் ஒருவன், அவன் சொன்னாலும் அச்சேறாது. புகைப்படம் பாழாகும், சான்று எரிந்துபோகும், கடைசியில் அவன் டேப் ரெக்கார்டரிடம் மட்டும் பேசிக்கொண்டிருப்பான்.

‘குற்றத் தொடர்’ என்பதிலும் ஒரு சிறு கவனம் தேவை. சிலப்பதிகாரத்தின் சதுக்கப்பூதம் புகார் நகரின் நாற்சந்தியில் நின்று, பொய்த்தவசியர், அறைபோகு (துரோகம் செய்யும்) அமைச்சர், பிறர்மனை நயப்போர், பொய்க்கரியாளர் (பொய்ச்சாட்சி சொல்வோர்), புறங்கூற்றாளர் எல்லோரையும் கயிற்றால் கட்டி அடித்து உண்பது. பொய்ச்சாட்சி சொன்ன ஒருவனுக்காகக் கோவலன் தன் உயிரைத் தர முன்வந்தும் அது மறுத்துவிடுகிறது. அங்கே அணங்கு காவலன், மனிதன் குற்றவாளி. சிகாகோவில் அணங்கே குற்றவாளி. ‘அணங்குக் குற்றம்’ என்றால் அணங்கு செய்த குற்றம் என்று மட்டும் குறுகிவிடும். ‘அணங்குசார் குற்றத்தொடர்’ என்றால் இரண்டுக்கும் இடம் இருக்கிறது.

இறையியல் எழுதுகிறவர்களுக்கு மீயியற்கை உதவும், அங்கே அதன் மாடிவீடு தேவைப்படுகிறது. நாளிதழில் ஓடிக்கொண்டே படிக்கிறவருக்கு அமானுடம் போதும். இந்த வகைத் தொடரை விரும்பிப் பார்த்து, அதைப் பற்றி மனம்விட்டு எழுதுகிறவர்கள் அணங்கைப் பழக்கத்துக்குக் கொண்டுவரலாம். நான் எழுத நினைத்து நின்றுபோன வரி இப்போது இப்படி வருகிறது:

‘கோல்ச்சாக்’, 20 எபிசோடுகளோடு நின்றுபோன அணங்குசார் குற்றத்தொடர். 1993இல் ‘த எக்ஸ்-ஃபைல்ஸ்’ தொடரைத் தொடங்கிய கிறிஸ் கார்ட்டர் தனக்கு ஊக்கம் தந்தது இதுவே என்றார். அந்தத் தொடரிலேயே ஓய்வுபெற்ற எஃப்.பி.ஐ. அதிகாரி ஆர்தர் டேல்ஸாக டேரன் மெக்காவின் வந்து அமர்ந்தார், தன் காலத்தில் தான் கண்ட அணங்குகளைப் பற்றி இளையவர்களிடம் சொல்வதற்கு.