600 சொல்லில் 24 முறை ‘சிறந்த வெட் கிரைண்டர்’

போன வாரம் கோவையிலிருந்து ஒரு கிரைண்டர் கடைக்காரர் பேசினார். விற்பனை, ரிப்பேர் இரண்டும் செய்பவர். “எங்க வெப்சைட் பக்கத்தைக் காசு கொடுத்துத்தானுங்க எழுதி வாங்கினோம். ஆறு மாசமாச்சு, அதைப் பார்த்துட்டு ஒருத்தரும் போன் பண்ணலைங்க” என்றார். பக்கத்தைத் திறந்தேன். முதல் பத்தி இப்படி இருந்தது:

“கோவையில் சிறந்த வெட் கிரைண்டர் வாங்க வேண்டுமா? கோவையில் சிறந்த வெட் கிரைண்டர் எங்களிடம் கிடைக்கும். நீங்கள் சிறந்த வெட் கிரைண்டர் தேடினால் எங்கள் சிறந்த வெட் கிரைண்டர் உங்களுக்கு ஏற்றது.”

மொத்தம் 600 சொல். அதில் ‘சிறந்த வெட் கிரைண்டர்’ 24 முறை. கீழே வெறும் வெள்ளை இடம் நிறைய இருந்தது. சந்தேகப்பட்டு மவுஸை இழுத்துப் பார்த்தால் நீலப் பட்டைக்குள் ஊர்ப்பெயர்கள் வரிசையாக வந்தன: பீளமேடு, சிங்காநல்லூர், கணபதி, துடியலூர், சாய்பாபா காலனி. வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்து, படிப்பவர் கண்ணுக்குத் தெரியாமல் தேடுபொறிக்கு மட்டும்! இந்த வருடம் எனக்கு வந்த நான்காவது பக்கம் இது. அதனால்தான் எழுதுகிறேன்.

வெள்ளை எழுத்து விஷயத்தை நீட்ட வேண்டியதில்லை. மறைத்த எழுத்து, கீவேர்டைத் (மக்கள் தேடும்போது அடிக்கும் சொல்லை) திணிப்பது இரண்டுமே கூகுளின் ஸ்பேம் விதிகளில், அதாவது தேடலை ஏமாற்றும் வேலைகளுக்கு எதிரான விதிகளில், பெயரோடு இருக்கின்றன. உடனே எடுத்துவிடுங்கள்.

எனக்கு ஆற்றாமையாக இருப்பது ‘டென்சிட்டி’ கணக்குதான், அதாவது நூறு சொல்லுக்குக் கீவேர்டு எத்தனை முறை வருகிறது என்ற கணக்கு. இப்படிப் பக்கம் எழுதுபவர்களுக்கு, வேலையை எடுத்துத் தரும் ஏஜென்சிகள் அனுப்பும் தாளில் “2 சதவீதம் வர வேண்டும்” என்று ஒரு வரி இருக்கும். யார் சொன்ன 2 சதவீதம்? கூகுள் அப்படி ஓர் அளவு வைத்ததே இல்லை. ஒரு சொல் எத்தனை முறை வருகிறது என்பதைத் தேடுபொறிகள் பெரிதாக நம்பிய காலம் ஒன்று இருந்தது, தொண்ணூறுகளில். அந்தக் காலத்துப் பழக்கம் இன்னும் தாளில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. சரி, கணக்காவது உருப்படியான கணக்கா? மூன்று சொல் கொண்ட ஒரு தொடரை 600 சொல் கட்டுரையில் 12 முறை எழுதினால் அது 2 சதவீதமா, 36 சொல் என்று எண்ணி 6 சதவீதமா? இதை எண்ணும் மென்பொருள் கருவிகளில் கருவிக்குக் கருவி விடை மாறும். இந்த எண்ணுக்காக ஒரு பெண் ராத்திரி உட்கார்ந்து, நன்றாக எழுதிய பத்தியைக் கெடுத்துக்கொண்டிருக்கிறார்.

தமிழில் இது இன்னும் மோசம். நம் மொழியில் வேற்றுமை உருபு சொல்லோடு ஒட்டும். கிரைண்டரை, கிரைண்டருக்கு, கிரைண்டரில் என்று எழுதினால் பல கருவிகள் அவற்றை வேறு வேறு சொல்லாக எண்ணி, கீவேர்டு போதவில்லை என்று சிவப்பு விளக்கு காட்டும். உடனே எழுதுபவர் உருபை வெட்டுகிறார். “எங்களிடம் வெட் கிரைண்டர் ரிப்பேர் கோவை சிறப்பாகச் செய்யப்படும்” என்று ஒரு வாக்கியம் பிறக்கிறது. இதே கடைக்காரரின் பக்கத்தில் இருந்த வாக்கியம்தான். இப்படி யாராவது பேசுவார்களா? பச்சை விளக்கு காட்டுவது வெப்சைட்டோடு சேர்த்துக்கொள்ளும் ஒரு சின்ன மென்பொருள், ப்ளக்இன். அது கூகுள் இல்லை.

2019 அக்டோபரில், தேடலின் பொருளைப் புரிந்துகொள்ள உதவும் பெர்ட் (BERT) என்ற முறையைக் கூகுள் அறிவித்தபோது, ‘டு’ (to) என்ற சின்ன ஆங்கிலச் சொல் தேடலின் பொருளை எப்படி மாற்றுகிறது என்பதைத்தான் உதாரணமாகக் காட்டியது. டிசம்பரில் அது 70-க்கும் மேற்பட்ட மொழிகளுக்குப் போனது. அந்தச் சின்னச் சொல் ஆங்கிலத்தில் செய்யும் வேலையைத் தமிழில் ‘-க்கு’ செய்கிறது. நாமோ அதையே வெட்டி எறிகிறோம்.

இன்னொன்று. இந்தக் கடைக்காரரிடம் ‘மெட்டா கீவேர்டு’ (பக்கத்தின் கோடுக்குள் கீவேர்டுகளைப் பட்டியலிடும் குறி) போட்டுத் தர என்று தனியாகப் பணம் வாங்கியிருக்கிறார்கள். அந்தக் குறியைத் தரவரிசைக்குப் பயன்படுத்துவதில்லை என்று கூகுள் 2009 செப்டம்பரிலேயே வெளிப்படையாகச் சொல்லிவிட்டது. பில்லில் அந்த வரி இருந்தால் தயவுசெய்து கேள்வி கேளுங்கள்.

அப்போ கீவேர்டே வேண்டாமா என்றால், வேண்டும். அதைக் கடைக்கு வருபவரின் வாயிலிருந்து எடுங்கள். இவரிடம் “போனில் என்ன கேட்பாங்க?” என்றேன். மடமடவென்று சொன்னார்: கல்லு தேஞ்சு போச்சு, கொத்தித் தருவீங்களா? பெல்ட் மாத்த எவ்வளவு ஆகும்? டில்டிங் நல்லதா, டேபிள் டாப் நல்லதா? நாலு பேர் வீட்டுக்கு ரெண்டு லிட்டர் போதுமா? ஒரு கேள்வியிலும் ‘சிறந்த’ இல்லை. இவற்றில் ஒன்றுக்குக்கூட அந்த 600 சொல்லில் பதில் இல்லை. கோவை வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது, அதையும் ஒருவரும் எழுதவில்லை.

எழுதும்போது முக்கியமான தொடரைத் தலைப்பில் ஒரு தடவை, முதல் பத்தியில் ஒரு தடவை சொல்லுங்கள். அப்புறம் பேச்சில் எப்படி வருமோ அப்படி வரட்டும், உருபோடு வரட்டும். இடையில் வெறும் ‘கிரைண்டர்’ என்றாலும் ஒன்றும் கெட்டுவிடாது. ஊருக்கு ஒரு பக்கம் என்று பெயரை மட்டும் மாற்றி இருபது பக்கம் போடாதீர்கள். அதுவும் ஸ்பேம் விதியில் வருகிறது. முடித்ததும் வாய்விட்டுப் படியுங்கள். நாக்கு தடுக்கும் இடத்தில்தான் பெரும்பாலும் திணிப்பு இருக்கும். வெளியிட்ட பிறகு, வெப்சைட் வைத்திருப்பவர்களுக்குக் கூகுள் தரும் சர்ச் கன்சோல் என்ற கருவியைத் திறந்து, மக்கள் உண்மையில் என்ன சொல்லித் தேடி வந்தார்கள் என்று பாருங்கள். தமிழை ஆங்கில எழுத்தில் அடிப்பவர்கள் எவ்வளவு பேர் என்பதும் அங்கே தெரியும். 16 மாதத் தரவு இலவசமாகக் கிடக்கிறது, பலர் ஒரு தடவைகூடத் திறப்பதில்லை.

ஏஜென்சி நடத்தும் நண்பர்களே, அந்தத் தாளிலிருந்து சதவீத வரியை எடுத்துவிடுங்கள். அந்த இடத்தில் வாடிக்கையாளர் கேட்ட மூன்று கேள்விகளை எழுதிக் கொடுங்கள், போதும்.

கடைக்காரரின் பழைய பக்கத்தை எடுத்துவிட்டோம். புதிதில் முதல் பக்கம் கல் கொத்துவதைப் பற்றியது. தேய்ந்த கல்லையும் கொத்திய கல்லையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அவரே போனில் படம் எடுத்து அனுப்பியிருக்கிறார். கூடவே ஒரு குரல் செய்தி, எந்தச் சத்தம் வந்தால் பெல்ட், எந்தச் சத்தம் வந்தால் பேரிங் என்று நான்கு நிமிடம் பேசியிருக்கிறார். இரண்டாவது பக்கம் அதிலிருந்து வருகிறது.