பக்கவாதத்தில் பேச்சு போனால் அதற்கும் சான்று உண்டு

பக்கவாதம் வந்து வீடு திரும்பிய அப்பாவை, மாற்றுத்திறனாளி சான்று வாங்க முகாமுக்கு அழைத்துப் போகிறார்கள். கையைத் தூக்கச் சொல்கிறார் மருத்துவர், நாலு அடி நடக்கச் சொல்கிறார், சதவீதம் எழுதுகிறார். "அப்பாவுக்குப் பேச்சும் வரலை சார்" என்று மகள் சொன்னால், "போகப் போகச் சரியாயிடும்மா" என்று பதில் வருகிறது. கை கால் குறைபாட்டுக்கு மட்டும் சான்று கைக்கு வருகிறது. பேச்சைப் பற்றி அதில் ஒரு வரியும் இருக்காது. பல வீடுகளில் நடப்பது இதுதான்.

பேச்சு போனதும் சட்டப்படி தனி ஒரு குறைபாடு. 1995-ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஏழே வகைகள்தான் இருந்தன, பேச்சுக்கு அதில் இடமில்லை. 2016-இல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அதை 21 வகைகளாக விரித்தது. அவற்றில் ஒன்று 'பேச்சு மற்றும் மொழிக் குறைபாடு'. குரல்வளையை அறுவை செய்து எடுத்ததாலோ, அஃபேசியாவாலோ (மூளை பாதிப்பால் மொழி போவது), இவை போன்ற உடல் அல்லது நரம்பு சார்ந்த காரணங்களாலோ பேச்சிலோ மொழியிலோ வரும் நிரந்தரக் குறைபாடு என்பது அதன் பொருள். அஃபேசியா என்ற சொல்லே சட்டத்தின் அட்டவணையில் இருக்கிறது.

அஃபேசியா என்றால் வாய் குழறுவது என்று நினைத்துவிட வேண்டாம். பெரும்பாலானவர்களுக்கு மூளையின் இடது பாதியில்தான் மொழி இருக்கிறது. அங்கே ரத்த ஓட்டம் நின்றால் சொல்லே அகப்படாமல் போகும். தண்ணீர் வேண்டும் என்று மனத்தில் இருக்கும், வாயில் வேறு சொல் வரும், அல்லது எதுவுமே வராது. சிலருக்குப் பேச்சு சரளமாக வரும், ஆனால் பொருள் இருக்காது, பிறர் சொல்வதும் விளங்காது. எழுதுவதும் படிப்பதும்கூடச் சேர்ந்தே போகலாம். நாக்கு, உதடு, தொண்டைத் தசைகள் தளர்ந்து குழறுவது டிசார்த்ரியா. பார்க்கின்சன் நோயிலும் பெருமூளை வாதத்திலும் (செரிப்ரல் பால்சி) அதிகம் காண்பது இது. இரண்டும் ஒருவருக்கே வருவதும் உண்டு. 'புத்தி கெட்டுப் போச்சு' என்று ஊரார் சொல்வது இரண்டுக்குமே பொருந்தாது. அஃபேசியா வந்தவருக்கு எதிரே உட்கார்ந்திருப்பது யார் என்று நன்றாகத் தெரியும். பெயர்தான் வாயில் வராது.

இனி சான்றுக்கு வருவோம். விண்ணப்பம் மத்திய அரசின் ஸ்வாவ்லம்பன் இணையதளத்தில். யுடிஐடி என்ற மாற்றுத்திறனாளி அடையாள அட்டையும் சான்றும் அதன் வழியாகவே வருகின்றன. சொந்தமாகப் போட முடியாதவர்கள் ஆட்சியர் அலுவலக வளாகத்தில் இருக்கும் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேட்கலாம். குறைபாட்டு வகையைக் குறிக்கும் இடத்தில்தான் கவனம் வேண்டும். கை கால் குறைபாட்டோடு பேச்சு, மொழிக் குறைபாட்டையும் சேர்த்துக் குறியுங்கள். இதை விட்டுவிட்டால் மருத்துவருக்கு அதைச் சோதிக்கத் தோன்றாமலே போகலாம். மருத்துவமனைச் சுருக்கம், சிடி அல்லது எம்ஆர்ஐ அறிக்கை, பேச்சுப் பயிற்சியாளரின் குறிப்பு மூன்றையும் கையில் வைத்திருங்கள். பயிற்சியாளர் இந்திய மறுவாழ்வுக் கழகத்தில் பதிவு பெற்றவரா என்று முதல் நாளே கேட்டுவிடுவது நல்லது.

அஃபேசியாவை அளக்க மத்திய அரசின் வழிகாட்டு நெறிமுறை வெஸ்டர்ன் அஃபேசியா பேட்டரி என்ற சோதனையைச் சொல்கிறது. தானாகப் பேசுதல், கேட்டுப் புரிதல், திருப்பிச் சொல்லுதல், பொருளுக்குப் பெயர் சொல்லுதல் என்று நான்கையும் பார்த்து மதிப்பெண் தருவார்கள். 'நிரந்தரம்' என்று சட்டம் சொல்வதால் பக்கவாதம் வந்த மறுவாரமே சான்று கேட்டால் கிடைக்காது. முதல் சில மாதங்களில் பேச்சு பெரும்பாலும் தேறும். அந்தக் காலத்தைச் சான்றுக்கு அலைவதில் செலவிடாமல் பயிற்சியில் செலவிடுங்கள்.

இரண்டு குறைபாடு இருந்தால் சதவீதத்தை அப்படியே கூட்டமாட்டார்கள். பெரிய எண்ணை 90-இலிருந்து கழித்து, வருவதைச் சிறிய எண்ணால் பெருக்கி, 90-ஆல் வகுத்து, அதைப் பெரிய எண்ணோடு சேர்ப்பார்கள். கை காலுக்கு 45, பேச்சுக்கு 30 என்றால் 75 ஆகாது, 60 ஆகும். சலுகைகள் பெரும்பாலும் 40-இல்தான் தொடங்குகின்றன. தமிழ்நாட்டில் மாற்றுத்திறனாளி ஓய்வூதியம் 2023 ஜனவரியில் மாதம் 1,500 ரூபாய் ஆனது. கை காலுக்கு 35 மட்டும் கிடைத்து வெறுங்கையோடு திரும்பியவர், பேச்சையும் அளந்திருந்தால் அந்த 40-ஐத் தாண்டியிருக்கக்கூடும்.

அரசு வேலையில் இருப்பவர்களுக்குச் சட்டத்தின் 20-ஆம் பிரிவு முக்கியம். பணிக்காலத்தில் குறைபாடு வந்தால் அவரை வேலையிலிருந்து நீக்கவோ பதவி இறக்கவோ கூடாது. பழைய வேலை முடியாவிட்டால் அதே சம்பளத்தில் வேறு இடம் தர வேண்டும். இடம் இல்லையென்றால், கிடைக்கும் வரையோ ஓய்வு வயது வரையோ கூடுதல் பணியிடம் உருவாக்கி அதில் வைத்திருக்க வேண்டும். வகுப்பில் நிற்க முடியாத ஆசிரியரிடம் யாராவது விருப்ப ஓய்வுக் கடிதத்தை நீட்டினால், கையெழுத்துப் போடும் முன் இந்தப் பிரிவைப் படித்துக் காட்டுங்கள். புதிதாக வேலை தேடுபவருக்கோ இதே சட்டம் கைகொடுக்கவில்லை. 34-ஆம் பிரிவின் நான்கு சதவீத ஒதுக்கீட்டுப் பட்டியலில் பேச்சு, மொழிக் குறைபாடு தனியாக இல்லை. குறைபாடு என்று ஏற்றுக்கொண்டவர்கள் அங்கே மட்டும் ஏன் விட்டார்கள் என்பது எனக்கு இன்றும் விளங்கவில்லை.

வருமான வரி கட்டும் வீடுகளில் அதிகம் தவறவிடுவது இன்னொன்று. 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 80டிடிபி பிரிவில் சில நோய்களின் சிகிச்சைச் செலவுக்குக் கழிவு உண்டு. அந்த நரம்பு நோய்ப் பட்டியலில் பார்க்கின்சன், மோட்டார் நியூரான் நோயோடு அஃபேசியாவும் பெயர் சொல்லி இருக்கிறது. பாதிப்பு 40 சதவீதமோ அதற்கு மேலோ இருக்க வேண்டும். செலவான தொகையில் 40,000 ரூபாய் வரை, நோயாளி 60 வயதைக் கடந்தவரானால் ஒரு லட்சம் வரை. காப்பீட்டில் வந்த பணத்தைக் கழித்துவிடுவார்கள். பழைய வரி முறையைத் தேர்ந்தவர்களுக்கே இது. நரம்பியலில் டிஎம் பட்டம் பெற்றவரின் மருந்துச் சீட்டு வேண்டும். அரசு மருத்துவமனையில் பார்ப்பவர்கள் அங்குள்ள முழுநேரப் பொது மருத்துவ நிபுணரிடமே வாங்கலாம். 2025-இல் நிறைவேறிய புதிய வருமான வரிச் சட்டத்தில் பிரிவு எண் வேறு, தணிக்கையாளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

பெருமூளை வாதம் உள்ள குழந்தைகளுக்கு வழி வேறு. மத்திய அரசு அமைப்பான தேசிய அறக்கட்டளையின் நிராமயா மருத்துவக் காப்பீடு ஆண்டுக்கு ஒரு லட்சம் வரை தருகிறது, பயிற்சிச் செலவும் அதற்குள் வரும். பக்கவாதத்தால் வந்த அஃபேசியாவுக்கு அது பொருந்தாது. பயிற்சிக்கு எங்கே போவது என்று கேட்பவர்களுக்கு, சென்னைப் பக்கம் இருந்தால் முட்டுக்காட்டில் உள்ள தேசிய பல்வகைக் குறைபாடுடையோர் நிறுவனத்தைச் சொல்வேன். மேற்கு மாவட்டக்காரர்களுக்கு மைசூரு எட்டும் தூரம். 1965 முதல் அங்கே அகில இந்தியப் பேச்சு, செவிப்புலன் நிறுவனம் நடக்கிறது. போகும்போது அவர் வீட்டில் பேசும் மொழி எது என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். தமிழ் மட்டும் பேசிப் பழகியவருக்குக் கன்னடத்தில் பயிற்சி தந்து பயனில்லை.